இமை பார்க்கும் வேலை

போடியில் என்னைத் தெரிந்தவர்கள் இப்போது "ரிட்டயர் ஆன அம்மா" என்று கேலி செய்கிறார்கள். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. தலையில் ஒரு நரை இல்லை. ஆனாலும் அவர்கள் சொல்வதில் தப்பும் இல்லை. நான் வேலை பார்த்த குரங்கு நிலையத்தை இந்த வருடம் வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். கடைசிக் கூண்டு லாரியில் ஏறிய அன்று இங்கேயே தங்கிவிட்ட வேலையாட்களுக்கு மாலை போட்டு, கேசரியும் காப்பியும் கொடுத்து அனுப்பினார்கள். மாலை போட்டு அனுப்பினால் அது ஓய்வுதானே.

போன வாரம் இரண்டு பெண்கள் எங்கள் ஊர் சிலமலைக்கு என்னைத் தேடி வந்தார்கள். நான் படித்த பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். புதிய இடத்து நிலையத்துக்குத் தேர்வாகியிருக்கிறார்கள். குரங்கு கடிக்குமா என்று ஒருத்தி கேட்டாள். பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன வேலை என்று விசாரித்தால் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று மற்றவள் கேட்டாள். முதல் கேள்விக்குக் கையைக் காட்டினேன், தழும்பு இருக்கிறது. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மிச்சத்தை அவர்களுக்காகவும், அவர்களைப் போன்றவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

நாங்கள் என்ன செய்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இளம்பிள்ளை வாதத்துக்குத் தடுப்பு மருந்து தேடும் ஆராய்ச்சிக் கூடங்களுக்குக் குரங்கு வேண்டும். எந்தக் குரங்கும் ஆகாது. ஏற்கெனவே சீக்கு உள்ள குரங்குக்கு மருந்தைக் கொடுத்தால், பிறகு தெரிவது மருந்தின் குணமா, பழைய சீக்கின் குணமா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் மலையில் பிடித்த குரங்கை மாதக்கணக்கில் தனியாக வைத்து, காசம், சீதபேதி, குடல் புழு எதுவும் இல்லை என்று உறுதி செய்து, அதன்பிறகும் நோய் அண்டாமல் காத்து அனுப்ப வேண்டும். போடியிலிருந்து குரங்கணி போகும் பாதையில், ஏற்றம் தொடங்கும் இடத்தில், காப்பி மூட்டை அடுக்கி வைத்திருந்த ஒரு பழைய கிட்டங்கியில் எங்கள் நிலையம் இருந்தது. அங்கே இருந்தவை எல்லாம் இந்த மலைச்சரிவின் நாட்டுக் குரங்குகள். நடுவகிடு எடுத்துச் சீவிய தலையோடு, பள்ளிக்கூடம் கிளம்பிய பிள்ளைகள் மாதிரி இருக்கும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆண்களில் கூட எனக்கு முன்னால் ஒருவரும் கிடையாது. எஸ்.எஸ்.எல்.சி. தேறி, சோதனைக்கூட உதவியாளர் என்ற வேலை உத்தரவோடு வீட்டுக்கு வந்தபோது அய்யா கம்பங்கொல்லையிலிருந்து குரங்கு விரட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கவண் கயிற்றைக் கீழே போட்டார்.

"உன்னயப் படிக்க வச்சது குரங்கு மேய்க்கவா ஆத்தா? நம்ம காட்டுல நின்னிருந்தா நானே சொல்லிக் குடுத்திருப்பேனே."

"நீங்க வெரட்டச் சொல்லிக் குடுப்பீக. நான் வளக்கப் படிக்கப் போறேன்."

அம்மா சிரித்துவிட்டாள். அய்யா எழுந்து உள்ளே போய்விட்டார். ஆனால் அடுத்த நாள் டீக்கடையில், தன் மகளுக்கு சர்க்கார் வேலை என்று அவரே முதலில் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கழுவினேன், கொதிக்க வைத்தேன், மறுபடி கழுவினேன். முதல் நாள் நடந்ததை மட்டும் சொல்கிறேன். நான் தலையை நிமிர்த்தி நடக்கிறவள். எதிரே வருகிறவர் யாரானாலும் கண்ணைப் பார்த்துத்தான் பேசுவேன். ஊரில் அதற்காக எனக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர். அதே நடையில் கூண்டுக்கு முன்னால் போய் நின்று ஒரு பெரிய கடுவனை, ஆண் குரங்கை, நேராகப் பார்த்தேன். அது கம்பிவலையில் வந்து விழுந்த வேகத்தில் கூண்டு ஆடியது. நானும் விடாமல் முறைத்தேன். நல்ல மரியாதையாகச் சிரித்தால் அடங்கும் என்று பல்லைக் காட்டிச் சிரித்தும் பார்த்தேன். அறை முழுவதும் கத்தத் தொடங்கிவிட்டது.

பின்னால் ஒரு குரல், காற்று மாதிரி, "மோளே", அதாவது மகளே, என்றது. அதுதான் டாக்டர் மாத்தன். மலைக்கு அந்தப் பக்கத்து மலையாளி, கால்நடை மருத்துவர், எங்கள் மேலதிகாரி. கண்ணை நேராகப் பார்ப்பதும் பல்லைக் காட்டுவதும் குரங்குக்குச் சண்டைக்கு அழைப்பது என்று விளக்கினார்.

"நீ படிச்ச பொண்ணு. அது படிச்சிட்டில்லா. அதனால நீ கொஞ்சம் தாழ்ந்து கொடு."

மனிதர் யாருக்கும் தாழாத கண்ணை அன்று ஒரு கடுவனுக்குத் தாழ்த்தினேன். அன்றிலிருந்து உள்ளே ஓரக்கண் பார்வை, உதடு மூடிய சிரிப்பு. சில மாதங்களில் அது வெளியிலும் ஒட்டிக்கொண்டது. ஊரில், இவள் வேலைக்குப் போய் அடக்கமாகிவிட்டாள் என்றார்கள்.

டாக்டர் மாத்தன் யாரையும் சத்தம் போட்டுத் திட்டியதில்லை. சத்தம் கேட்டால் குரங்குகள் வெருண்டு தீனி எடுக்காது. அதனால் அவர் கோபம் கூடக்கூடக் குரல் இறங்கும். நமக்குப் பக்கத்தில் நின்று, உதடு மட்டும் அசைகிற அளவுக்கு அவர் பேசினால், பெரிய தப்பு செய்துவிட்டோம் என்று அர்த்தம். போடி பஸ் ஸ்டாண்டில் யாராவது கத்தித் திட்டுவதைப் பார்த்தால் எனக்கு அவர்கள் விளையாடுவதாகத்தான் தோன்றும்.

நிலையத்தில் நான்கு அறைகள். புதிதாக வந்தவை முதல் அறையில் இருக்கும். சோதனையில் தேறத் தேற அடுத்த அறைக்கு மாறும். நாலாம் அறைக்கு வந்துவிட்டால் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய மாதிரி. அந்த அறை என் பொறுப்பு என்பதில் எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. வேலை எப்போதும் ஒரே திசையில் நடக்கும். காலையில் முதலில் நாலாம் அறை, பிறகு மூன்று, இரண்டு, கடைசியில் ஒன்று. முதல் அறைக்குள் போனவர் குளித்து உடை மாற்றாமல் திரும்ப மேலே வரக்கூடாது. "தண்ணி மாதிரி" என்பார் டாக்டர். "மேலேருந்து கீழே போகும். கீழேருந்து மேலே வராது." வாசலில் மருந்துத் தொட்டியில் பூட்ஸை நனைக்க வேண்டும். தலைக்குத் துணி, முகத்துக்கு மடித்துத் தைத்த முகமூடி. பழங்களை ஊதா நிற மருந்துத் தண்ணீரில் முக்கித்தான் உள்ளே அனுப்புவோம். தினமும் காலையில் வேலையாட்கள் ஒவ்வொருவரும் வாசலில் நின்று அவரிடம் ஏதாவது ஒரு வாக்கியம் பேசிவிட்டுத்தான் உள்ளே போகலாம். குரல் கம்மியிருக்கிறதா, இருமல் வருகிறதா என்று கேட்பதற்காக. கம்மினால் அன்று வீட்டுக்கு.

பெண்களுக்கு இன்னொரு கஷ்டமும் இருந்தது. பூ கூடாது, பவுடர் கூடாது, வெற்றிலை கூடாது. ஏலக்காய் கூடவே கூடாது. சீதபேதி வந்த குரங்கை முதலில் கண்டுபிடிப்பது கண் இல்லை, மூக்கு. அதைக் கெடுக்கக்கூடாது என்பது டாக்டரின் சட்டம். போடியில் ஏலக்காய் வாசனை இல்லாத இடம் ஏது? கடைவீதி, பஸ், ரயிலடி, தபாலாபீசில் ஒட்டுகிற பசை வரைக்கும் அந்த வாசனைதான். எங்கள் கிட்டங்கி ஒன்றுதான் ஊரிலேயே ஏலக்காய் மணக்காத கட்டடம்.

சட்டத்தை இத்தனை இறுக்கமாக வைத்திருந்தவர், சனிக்கிழமைகளில் மட்டும் ஊரிடம் தோற்றுப் போனார். குரங்கு என்றால் ஆஞ்சநேயர். ஆஞ்சநேயர் இத்தனை பேர் ஒரே இடத்தில் குடியிருக்கும்போது ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? வாழைப்பழத் தாரோடு வாசலில் கூடிவிடுவார்கள். விரட்டினால் பாவம் என்பார்கள். டாக்டர் யோசித்து, வாசலுக்கு வெளியே ஒரு பீப்பாயில் ஊதாத் தண்ணீர் நிறைத்து வைத்தார். அவரவர் பழத்தை அவரவரே அதில் முக்கிவிட்டுப் போகலாம். அது பிடித்துப்போயிற்று. சில வாரங்களில் பீப்பாய்க்கு யாரோ சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிற டாக்டர், சனிக்கிழமை ஆஞ்சநேயர் பூசாரியாக நின்றார். ஒரு பாட்டி அந்தத் தண்ணீரைத் தீர்த்தம் என்று கையில் ஏந்திவிட்டாள். "குடிக்கருது அம்மச்சி, குடிக்கருது" என்று அவர் தடுக்க ஓடியதைப் பார்த்து, உதட்டை மூடிக்கொண்டு சிரிக்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

இனி, இமை பார்ப்பதைச் சொல்ல வேண்டும். காசநோய்க்கான சோதனை அதுதான். பின்பலகையை முன்னால் இழுத்து நெருக்குகிற கூண்டில் குரங்கை அசையாமல் பிடித்து வைத்து, மெல்லிய ஊசியால் மேல் இமையின் விளிம்பில் ஒரு துளி மருந்து. எப்போதும் இடது இமையில். வலது இமை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. அடுத்து வரும் நாட்களில் இரண்டு இமைகளும் ஒன்றுபோல் இருந்தால் நல்லது. இடது இமை சிவந்து, தடித்து, பாதி கண்ணை மூடித் தொங்கினால் உடம்பில் காசம் இருக்கிறது. குரங்கின் கண்ணைப் பார்க்கவும் வேண்டும், அதன் கண்ணைப் பார்க்கவும் கூடாது, இதுதான் வேலை. நான் கூண்டுக்குப் பக்கவாட்டில் திரும்பி நின்று, மெதுவாக ஒரு நிலக்கடலையை உரிப்பேன். அது கடலையைப் பார்க்கும். நான் இமையைப் பார்ப்பேன். பார்த்து முடித்ததும் கடலை அதற்கு. ஒருவர் பார்த்தால் போதாது. நானும் டாக்டரும் தனித்தனியாகப் பார்த்து, வெளியே வந்த பிறகுதான் வாயைத் திறப்போம்.

பெண் பார்க்க வந்த கதையை இந்த இடத்தில்தான் அந்தப் பெண்களுக்குச் சொல்லத் தொடங்கினேன். தேவாரத்துப் பக்கமிருந்து ஒரு நல்ல குடும்பம் வந்தது. பெண் தலை நிமிரவில்லை, சிரித்தால் பல் தெரியவில்லை, இந்தக் காலத்தில் இவ்வளவு அடக்கமா என்று மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். என்ன வேலை என்று கேட்டார்கள். அம்மா முந்திக்கொண்டு, கண் ஆஸ்பத்திரி மாதிரி என்று சொல்லிவிட்டாள். நான் காப்பித் தட்டைக் கீழே வைத்தேன். "குரங்குக் கண்ணு" என்றேன். நிமிர்ந்து பார்த்தும் சொன்னேன். அவர்கள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார்கள். அய்யா வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து, பலகாரத்தட்டை என் பக்கம் தள்ளி, "நீ தின்னு ஆத்தா" என்றார்.

எங்களுக்குக் குரங்கு பிடித்துக் கொடுத்தவர் குரங்கணிக்கு மேலே குடியிருந்த மாயாண்டி அண்ணன். வாயைத் திறந்தால் பீடி வாசனையும் வம்பும் வரும். தீனி சமைத்தவள் போடி வீராயி அக்கா. கணவர் இறந்து, ஒரே மகளை வளர்த்து, தேவாரத்தில் கட்டிக் கொடுத்திருந்தாள். கேப்பையும் கடலைமாவும் கலந்து அவள் பிடிக்கிற உருண்டையைக் குரங்குகளுக்கு முன்னால் நானே தின்றிருக்கிறேன். தாயில்லாத குட்டிகளை வளர்ப்பதும் அவள்தான்.

நான் சொல்ல வந்த சம்பவம் ஒரு குட்டியைப் பற்றியது. முதல் அறையில் ஒரு மந்தி சீதபேதியில் இறந்துவிட்டது. அதன் குட்டியைத் தனியே வைத்து வீராயி அக்கா பால் ஊட்டித் தேற்றினாள். சுண்டு என்று பெயர் வைத்தாள். பெயர் வைக்கக்கூடாது என்பது சட்டம். டாக்டர் உட்பட எல்லோரும் சுண்டு என்றுதான் சொன்னோம். எல்லாச் சோதனையிலும் தேறியதும், கூட்டத்தோடு பழகட்டும் என்று நாலாம் அறையில் ஒரு சின்னக் கூண்டில் வைத்தோம். தாயின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தூங்குகிற சாதி அல்லவா, ஒரு துண்டைச் சுருட்டிக் கொடுத்திருந்தோம். அதைக் கட்டிக்கொண்டே கிடக்கும். வீராயி அக்கா மட்டும் வேளைக்கு வேளை உள்ளே போய் ஊட்டிவிட்டு வருவாள்.

அந்த அறைக் குரங்குகள் எல்லாம் ஓர் ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போக இருந்தன. எங்கள் நிலையத்திலிருந்து அவ்வளவு பெரிய கூட்டம் போவது அதுதான் முதல் தடவை. அனுப்புவதற்கு முந்திய இமை சோதனை. நான் ஒவ்வொரு கூண்டாகக் கடலை உரித்துக்கொண்டே வந்தேன். எல்லாம் நன்றாக இருந்தன. கடைசியில் சுண்டு. தூக்கம் கலையாத பிள்ளை மாதிரி ஒரு கண்ணால் கடலையைப் பார்த்தது. இடது இமை தடித்துத் தொங்கியிருந்தது. எனக்குப் பின்னால் டாக்டர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வெளியே நின்று இருவரும் ஒரே நேரத்தில் "இடது" என்றோம்.

அதை அவரே ஒரு ஊசியில் தூங்க வைத்தார். வேறு யாரிடமும் அந்த வேலையைக் கொடுத்ததில்லை. அறுத்துப் பார்த்ததில் நுரையீரலில் காசம் தெளிவாக இருந்தது. ஆராய்ச்சிக் கூடத்துக்குத் தந்தி போயிற்று. மறுநாளே பதில் வந்துவிட்டது. இன்னும் ஒன்றுக்கு இமை தொங்கினால் நாலாம் அறை முழுவதையும் அழித்துவிட வேண்டும். பிறகு இங்கிருந்து குரங்கே வேண்டாம். என் பெருமையெல்லாம் அந்த ஓர் அறையில்தான் இருந்தது. ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்து நான் வளர்த்த முகங்கள்.

காசம் எங்கிருந்து வந்தது? அது தெரியாமல் அறையைக் காப்பாற்ற முடியாது. டாக்டர் எல்லோரையும் முற்றத்தில் நிறுத்தி, காதுக்கே எட்டாத குரலில் பேசினார். அத்தனை கீழே இறங்கி நான் கேட்டதில்லை. பார்வை எல்லாம் மாயாண்டி அண்ணன் மேல் போயிற்று. வெளியே அலைகிறவர், அறைகளுக்குள் வராவிட்டாலும் முற்றம் வரை வருகிறவர், பீடியால் எப்போதும் இருமுகிறவர். அவரை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அவருக்கு மானம் பொறுக்கவில்லை.

"மலையில ஏது சார் காசம்? அதுக பாட்டுக்கு பலாச்சொளையத் தின்னுட்டுத் திரியுதுக. மனுசன் மூச்சுப் பட்டாத்தேன் சீக்கு. இங்கிட்டு இத்தன பேரு மூச்சு விடுறீக, என் மூச்சு மட்டுந்தேன் கண்ணுக்குத் தெரியுதோ?"

அவர் சொன்னது உண்மைதான். டாக்டருக்கும் தெரியும். அதனால்தான் எல்லோரும் மதுரைக்குப் போய் நெஞ்சுப் படம் எடுத்தாக வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

அன்று மதியம் சுண்டுவின் துண்டைக் கொதிநீரில் போட எடுத்துக்கொண்டு போனேன். குளியலறை வாசலில் முகமூடியை இறக்கினேன். துண்டிலிருந்து ஏலக்காய் வாசனை வந்தது. எங்கள் கட்டடத்தில் அந்த வாசனை, அதுவும் நாலாம் அறையில். விரித்துப் பார்த்தேன். குட்டி வாய் துடைத்த இடத்தில் மென்ற பொட்டுக்கடலை ஒட்டியிருந்தது. எனக்கு வேறு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பல் வலுக்காத பிள்ளைக்குத் தாய் மென்றுதான் கொடுப்பாள். நானும் அப்படி வளர்ந்தவள்தான்.

அடுப்படிக் கொட்டகைக்குப் போனேன். வீராயி அக்கா கேப்பைக் களியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். விறகுப் புகை மண்டியிருந்தது. புகைக்குள் இருமினால் யார் சந்தேகப்படுவார்கள்? அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அக்கா, சுண்டுக்குக் கடலைய மென்னா குடுத்த?"

அவள் மறைக்கவில்லை. "பின்ன? முழுசாக் குடுத்தாத் தொண்டையில சிக்கிக்கிரும். எம் மகளுக்கு அப்பிடித்தேன் குடுத்தேன். உங்காத்தாவும் உனக்கு அப்பிடித்தேன் குடுத்திருப்பா."

"வாயில ஏலக்கா எதுக்கு?"

துடுப்பு நின்றது. "தொண்டக் கமறலுக்குத்தேன் தாயி. இருமல அமத்தும். காலையில சார்ட்டப் பேசுறப்பக் கமறாம இருக்கும்."

"எம்புட்டு நாளா?"

"மாசக்கணக்காத்தேன்" என்றாள். துடுப்பைச் சட்டியிலேயே விட்டுவிட்டு, விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்தாள். "அப்ப நாந்தேன் கொன்னேனா?" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை. நாளையிலிருந்து வேலைக்கு வரமாட்டேன், யாரிடமும் ஏன் எதற்கென்று சொல்லாதே என்று கேட்டுக்கொண்டாள். காசக்காரியின் மகள் என்று தெரிந்தால் தேவாரத்தில் மகளை அன்றைக்கே கொண்டுவந்து விட்டுவிடுவார்கள் என்ற பயம். அவள் போய்விட்டால் நாலாம் அறைக்கு ஆபத்து நீங்கிவிடும். எனக்கு வேண்டியது அதுதானே என்று ஒரு கணம் நினைக்கக்கூடச் செய்தேன். பிறகு அவளைப் பார்த்தேன், நேராக, கண்ணுக்குள்.

"ஒரு குட்டி இமையத் தொங்கப் போட்டதுக்கு ஆபீசே பதறுது. தந்தி பறக்குது. நீ இத்தன மாசமா இருமியிருக்க, ஒருத்தரும் பதற வேணாமா? எந்திரிக்கா."

அவள் எழுந்திருக்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் போனேன். டாக்டர் நாற்காலியை முற்றத்தில் வேப்பமரத்தடிக்குக் கொண்டுவரச் சொல்லி, அவளைக் காற்றோட்டமாக உட்கார வைத்துவிட்டு, தள்ளி நின்று முழுக்கக் கேட்டார். எனக்கு அவர் உதட்டைப் பார்க்கவே பயமாக இருந்தது. இனி குரல் எவ்வளவு இறங்குமோ என்று. ஆனால் அவர் சாதாரணமாக, எல்லோரையும் போல, நன்றாகக் கேட்கும்படி பேசினார். இத்தனை வருடத்தில் அவருடைய சொந்தக் குரலை அன்றுதான் கேட்டேன்.

"வீராயி, இதுக்கு இப்போ மருந்து உண்டு. ஊசி உண்டு, குளிகை உண்டு. போயி கிடந்து சாப்பிட்டு, தூங்கி, குணமாயிட்டு வா. உன் சோலி இவிடெ இருக்கும்."

"எம் மக, சார்?"

"மகளுக்கு மட்டும் சொல்லு. அவளும் ஒரு சோதனை செய்யட்டும். மத்தவங்க கேட்டா, மதுரையில் ட்ரெயினிங்."

அடுத்த ரயிலில் எல்லோரும் படம் எடுக்கப் போனோம். வீராயி அக்காவின் படம் டாக்டர் நினைத்தபடியே இருந்தது. மாயாண்டி அண்ணனின் நெஞ்சு பளிச்சென்று இருந்தது. அவர் அந்தப் படத்தை விடவில்லை. திரும்பி வரும்போது ரயில் ஜன்னலில் வெயிலுக்கு நேராகப் பிடித்து, பெட்டியில் இருந்தவர்களுக்கெல்லாம் தன் விலா எலும்பைக் காட்டிக்கொண்டு வந்தார். ஆனால் மருத்துவமனையில் வீராயி அக்காவைச் சேர்க்கும்போது அவளுடைய பெட்டியைத் தூக்கியதும் அவர்தான். "என்னய வாசல்ல நிப்பாட்டிட்டு நீ ட்ரெயினிங் போறியாக்கும். நல்லாப் படிச்சிட்டு வா, பெயிலாகிறாத" என்றார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மகளுக்குச் சோதனையில் ஒன்றும் இல்லை. மாமியார்க்காரி, தன் சம்பந்தி மதுரையில் ட்ரெயினிங் எடுக்கிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டாளாம்.

நாலாம் அறை மட்டும் பாக்கி. இடைவெளி விட்டு மூன்று சோதனைகள், மூன்றிலும் ஓர் இமையும் தொங்கக்கூடாது. முதலாவது நல்லபடியாக முடிந்தது. இரண்டாவதும். மூன்றாவது சோதனையின் கடைசி நாள் காலையில் கடலையோடு உள்ளே போனேன். பாதி அறை தாண்டியிருப்பேன். ஒரு கிழ மந்தி, எப்போதும் முதல் ஆளாகக் கை நீட்டுவது, மூலையில் உட்கார்ந்திருந்தது. கண் வீங்கி, இமை தொங்கியிருந்தது. கையிலிருந்த கடலை நழுவியது. மிச்சக் கூண்டுகளை எப்படிப் பார்த்து முடித்தேன் என்று தெரியாது. வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றேன். டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

வெகுநேரம் அவர் வரவில்லை. பிறகு உள்ளேயிருந்து, ஒரு மனிதர் வாய்விட்டுச் சிரிக்கிற சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து அறை முழுவதும் அலறியது. பயந்து ஓடிப்போய்ப் பார்த்தேன். டாக்டர் மாத்தன் முகமூடி கழுத்துக்கு இறங்கியது கூடத் தெரியாமல், பல்லெல்லாம் தெரிய நின்று சிரித்துக்கொண்டிருந்தார். கடுவன்கள் கம்பியைப் பிடித்து உலுக்கின.

"மோளே, நாம குத்தினது எந்தக் கண்ணு?"

"இடது சார்."

"வீங்கினது?"

நான் பார்த்தேன். வலது. முந்தின நாள் பக்கத்துக் கூண்டுக்காரியோடு கம்பி வழியே நடந்த சண்டையில் வாங்கிய அடி. இடது இமை பூவிதழ் மாதிரி மெல்லிசாக இருந்தது. நானும் சிரித்துவிட்டேன், பல்லைக் காட்டித்தான். அந்தக் கிழவி எங்கள் இரண்டு பேரையும் பார்த்து அடித்தொண்டையில் திட்டியது. அன்று அறை அடங்கித் தீனி எடுக்க மாலை ஆகிவிட்டது. யாரும் யாரையும் கடிந்துகொள்ளவில்லை.

கூட்டம் முழுவதும் குறையில்லாமல் போய்ச் சேர்ந்தது. வீராயி அக்கா ஒன்றரை வருடம் கழித்து, சதை போட்டு, கன்னம் மினுமினுக்க வந்து இறங்கினாள். டாக்டர் சொன்னபடி அவள் இடம் அப்படியே இருந்தது. அறைகளுக்குள் மட்டும் போகவில்லை, அடுப்படியோடு நின்றுகொண்டாள். நிலையம் மாறும் வரை வேலை பார்த்தாள். இதையெல்லாம் எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். "எழுது. பாஸானதத்தேன எழுதுற?" என்றாள். தேவாரத்திலும் இப்போது எல்லோருக்கும் தெரியும். அவளுடைய உடம்பைப் பார்த்த பிறகு, காசம் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

அடுத்த மாதம் நான் மதுரையில், அவள் படுத்திருந்த அதே மருத்துவமனையின் சோதனைப் பிரிவில் சேர்கிறேன். அங்கே ஊசி குரங்கின் இமையில் இல்லை, மனிதரின் முன்னங்கையில். கடலை உரிக்க வேண்டியதில்லை, கண்ணைப் பார்த்துப் பேசலாம் என்று டாக்டர் மாத்தன் புதிய ஊரிலிருந்து எழுதியிருக்கிறார்.

போவதற்கு முன்னால் சொல்லிவிட்டு வரலாம் என்று தேவாரம் போனேன். வீராயி அக்கா மகள் வீட்டில் இருந்தாள். பேரன் பிறந்து தவழ்கிறான். யானை இறங்கி வாழையை மிதித்துவிட்டுப் போனதைப் பற்றி வீட்டுக்காரர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். பேரன் கத்தினான். அவள் ஒரு பிடி பொட்டுக்கடலையை எடுத்து, பழக்கத்தில் வாய்க்குக் கொண்டுபோனாள். கை பாதியில் நின்றது. என்னைப் பார்த்தாள். எழுந்துபோய், அம்மியைக் கழுவி, கடலையை நுணுக்கி, பாலில் குழைத்துக் கொண்டுவந்தாள்.

நான் சிரித்துவிட்டேன். நன்றாக, வாய் நிறைய. பேரன் என்னையே பார்த்தான். உதடு பிதுங்கியது. அடுத்து வீடே அதிரும்படி வீறிட்டான்.

வீராயி அக்கா அவனை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"பல்ல மூடுடி. எத்தன வருசம் சோலி பாத்த?"